கையால முடுக்கினாப் போதும்

இந்தச் சேர்ல உக்காரும்மா. அந்தச் சேர்ல உக்காந்தா ஏ.சி. காத்து நேரா உச்சந்தலையில அடிக்கும். நான் உக்காந்து பார்த்துட்டுத்தான் மாறி வந்தேன். உனக்கும் சர்வீஸா? பிரேக்கா? சரி சரி. எனக்கு ஆயில் மாத்தணும். ஆயிலும் ஃபில்டரும். அவ்வளவுதான் வேலை. ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தர்றோம்னாங்க. இன்னும் வண்டியத் தூக்கக்கூட இல்ல. அந்தா, கண்ணாடிக்கு அங்கிட்டு வெள்ளை வண்டி நிக்குல்ல, அதுதான். ஒருத்தன் வந்து பானெட்டைத் தொறந்து வச்சுட்டுப் போனான். போனவன் போனவன்தான்.

அவசரந்தாம்மா. பிருந்தா அப்பா வீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் வண்டியக் கொண்டுபோய் நிறுத்தணும். எப்படி நின்னுச்சோ அதே மாதிரி நிறுத்தணும். பிருந்தா எங்க மக, பெங்களூர்ல இருக்கா. அவ அப்பான்னா எங்க வீட்டுக்காரரு. சந்தனராஜ். பாரு, பேரச் சொல்லிட்டேன். கவுண்டர்ல கேட்டாங்களேன்னு ஒரு தடவை சொன்னது, வாய் பழகிருச்சு. அவரு பேங்குக்குப் போயிருக்காரு. பென்ஷன் வாங்குறவங்க உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் போய்க் காட்டணும்ல, அதுக்கு. போன வாரமே போனாரு. கையெழுத்து ஒத்து வரலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பழைய கையெழுத்து இம்மாம் பெருசு. இப்ப எறும்பு ஊர்ற மாதிரி போடுறாரு. மை என்ன சொத்தா, இவ்வளவு சிக்கனமா எழுதுறதுக்குன்னு கேட்டேன். இன்னிக்கு மறுபடி போயிருக்காரு. நடந்துதான் போனாரு. இப்ப அவரு நடக்கிற நடைக்குத் திரும்பி வர மதியம் ஆயிரும். ஆகணும்.

ஒரு நிமிஷம், எந்திரிச்சுப் பார்த்துக்கிறேன்.

இல்ல. யாரும் கிட்டவே வரல.

என்ன சொன்னேன்? ஆங், இந்த வண்டிய அவரைத் தவிர வேற யாரும் தொட்டது கிடையாது. நான் ஓட்டுவேன், அது வேற. ஓட்டச் சொல்லிக் குடுத்ததே அவருதான். ஆனா பானெட்டுக்குக் கீழ இருக்கிறது எல்லாம் அவரு ராஜ்யம். மில்லுல ஃபிட்டரா இருந்தவரு. ஒரு டாக்டர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்டா இந்த வண்டிய வாங்கிட்டு வந்த அன்னிக்கே, சாமி கும்பிட்டு எலுமிச்சம்பழம் வச்சு எடுத்ததும், அடியில போய்ப் படுத்துட்டாரு. அந்த டாக்டர் எந்தக் காலத்துல ஆயில் மாத்தினாரோன்னு. புது வேட்டி கட்டியிருந்தாரு, சொன்னா நம்ப மாட்ட, வேட்டியில ஒரு பொட்டு ஆயில் படலை.

அதுதான் அவரு. சொட்டு சிந்தாம ஆயில் மாத்துவாரு. கேக்குறியா? கேளு, உனக்கும் வண்டி இருக்குல்ல, உபயோகமாகும்.

முதல்ல வண்டிய ஒரு சுத்து ஓட்டிட்டு வருவாரு. ஆயில் இளஞ்சூடா இருந்தாத்தான் நல்லா இறங்குமாம். கொதிக்கவும் கூடாதாம், ஆறிப் போகவும் கூடாதாம், பிள்ளையக் குளிப்பாட்டுற சூடு இருக்கணும்பாரு. முன்சக்கரம் ரெண்டையும் சாய்வாச் செதுக்கின மரக்கட்டையில ஏத்தி, பின்சக்கரத்துக்குக் கல்லுக் குடுத்து, பழைய பேப்பரை விரிச்சு, அது மேல என்னோட பேசினை வைப்பாரு. நான் அரிசி ஊறப்போட்டுக்கிட்டிருந்த பேசின். அது போச்சு, விடு. அடியில ஒரு போல்ட் இருக்கும். அதைச் சும்மா திருகினா ஆயில் பீச்சி அடிக்கும். இவரு உள்ள தள்ளிக்கிட்டே திருகுவாரு. கடைசிப் புரி விட்டதும் சட்டுன்னு கையை இழுத்துக்குவாரு. ஆயில் கயிறு மாதிரி பேசினுக்குள்ள இறங்கும்.

அப்புறம் ஃபில்டர். சின்ன டம்ளர் கணக்கா இருக்கும், தலைகீழாத் தொங்கும். அதுக்குள்ள பழைய ஆயில் நிறைஞ்சு நிக்கும். தெரியாதவங்க கழட்டினா முழங்கை வழியா ஓடி அக்குள் வரைக்கும் போயிரும். இவரு ஒரு பிளாஸ்டிக் பையை ஃபில்டர் மேல மாட்டி, பையோட சேர்த்துப் பிடிச்சு, பைக்குள்ளயே திருகுவாரு. கழண்டதும் வாய் மேல பார்க்க நிமித்தி, பையோட அப்படியே வெளிய எடுப்பாரு. புது ஃபில்டர்ல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுல புது ஆயிலை விரல் நுனியால தொட்டுத் தடவுவாரு. அப்புறம் மாட்டித் திருகுவாரு. வளையம் போய் ஒட்டினதும் இன்னும் முக்கால் சுத்து. அவ்வளவுதான். ஸ்பேனர் தொடக் கூடாது. "கையால முடுக்கினாப் போதும் கொடி. இறுக்கம் கைக்குத் தெரியும்" அப்படிம்பாரு. கொடின்னா நான்தான். ஜெயக்கொடி.

என் வேலை டார்ச் பிடிக்கிறது. கல்யாணமான நாள்ல இருந்து டார்ச் பிடிக்கிறேன். கார் வர்றதுக்கு முன்னாடி மோட்டார், அதுக்கு முன்னாடி மிக்ஸி, ஃபேன். எது பிரிச்சாலும் நான் பக்கத்துல டார்ச்சோட குத்த வச்சு உக்காந்திருக்கணும். கொஞ்சம் அசைஞ்சிட்டா, "டார்ச்சை ஆட்டாத கொடி." உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆயிருச்சுன்னா தெரிஞ்சிருக்கும்.

இந்த வருஷம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இந்த வருஷம்தான் நான் முன்னாடி கார் நிக்கிற இடத்துல பார்க்கிங் டைல்ஸ் போட்டேன். அங்கதான் பிரச்சினையே. அதுவரைக்கும் சிமெண்ட்டுத் தரை, அங்கங்க வெடிச்சு, வெடிப்புல செடி முளைச்சுக் கெடந்துச்சு. பிருந்தாவுக்குக் குழந்தை பிறந்து முதல் தடவையா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றா, வாசல் இப்படியா இருக்கிறது? என் சீட்டுப் பணத்துல போட்டேன். செங்கல் கலர்ல, நடுவுல பூ. அவருக்குப் பிடிக்கல. "கார் நிக்கிற இடத்துக்குப் பூ எதுக்கு"ன்னாரு. "கார் மட்டுமா நிக்குது, நாங்களும் நிக்கிறோம்"னேன். அதோட பேச்சு நின்னு போச்சு. ஆனா மனசுல வச்சுக்கிட்டாரு. எனக்கு அப்பவே தெரியும்.

எப்படித் தெரியும்ங்கிற? சொல்றேன். டைல்ஸ் போட்டதுக்கப்புறம் முதல் தடவை ஆயில் மாத்துறாரு. நான் டார்ச்சோட உக்காந்திருக்கேன். போல்ட்டைக் கழட்டினாரு, அதுவே ரொம்ப நேரம் ஆச்சு. ஃபில்டருக்கு வந்தாரு. பையை மாட்டுறாரு, நழுவுது. மறுபடி மாட்டுறாரு. "டார்ச்சை ஆட்டாத கொடி"ங்கிறாரு. நான் ஆட்டவே இல்லம்மா. முழங்கையை டயர்ல ஊனிக்கிட்டு இருக்கேன். வெளிச்சம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அவரு கைதான் வெளிச்சத்துக்குள்ள வந்து வந்து போகுது. "நான் ஆட்டல, நீங்கதான் ஆட்டுறீங்க"ன்னேன். சொல்லி வாய மூடல, பை போச்சு, ஃபில்டர் சாய்ஞ்சு, அத்தனையும் டைல்ஸ்ல. பூவுல. அந்தக் கோடு கோடா இருக்குமே பள்ளம், அது வழியா ஓடுது, கேட் வரைக்கும்.

நான் சத்தம் போடுற ஆளே கிடையாது. கேட்டேன், அவ்வளவுதான். "வேணும்னே பண்றீங்களா"ன்னு கேட்டேன். எதிர்வீட்டு அம்மா மாடியில இருந்து எட்டிப் பார்த்தாங்க, அது அவங்க சுபாவம். அவரு என்ன சொல்லணும்? தெரியாம பட்டிருச்சுன்னு சொல்லலாம்ல? கையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. தொடைக்கக்கூட எந்திரிக்கல. நான்தான் கோலமாவைக் கொட்டி உறிஞ்ச விட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சேன். இன்னும் கறை போகல. பார்த்தா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியும்.

இந்தா, போன் வேற அடிக்குது. அவருதான். எடுக்க மாட்டேன். எடுத்தா, பின்னாடி ஸ்பேனர் சத்தம் கேக்கும், எங்க இருக்கன்னு கேப்பாரு. அடிக்கட்டும். காய்கறி வாங்கப் போனேன், போனை வீட்டுல வச்சுட்டேன்னு சொல்லிக்கலாம்.

ஒரு தடவைன்னா போகட்டும்னு விட்டிருப்பேன். ஒரு மாசத்துல மறுபடி மாத்துறாரு! மாத்த வேண்டிய நேரமே வரல, வண்டி எங்கயும் ஓடவும் இல்ல. புது ஆயில். அதைப் போய் இறக்குறாரு. அதுவும் எப்ப? நான் தையக்காரிகிட்ட ஜாக்கெட் வாங்கப் போயிருக்கிற நேரமாப் பார்த்து. திரும்பி வந்தா, மனுஷன் முட்டி போட்டுக்கிட்டுத் தன்னோட துண்டை வச்சுத் தரையைத் தொடைக்கிறாரு. முதல் தடவையை விடப் பெரிய குளம். எனக்கு வந்த கோபத்துக்குப் பிருந்தாவுக்கு வீடியோ கால் போட்டேன். "பாருடி உங்க அப்பா பண்ற வேலையை, நான் ஆசைப்பட்டுப் போட்ட டைல்ஸ்ங்கிறதுக்காக வேணும்னே ஊத்துறாரு"ன்னு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவ, "அம்மா விடும்மா, அப்பா பாவம்"ங்கிறா. என்ன பாவம்? அவ அவங்க அப்பா கட்சி. அவரு மூஞ்சியையும் காட்டினேன். ஒரு அசைவு இல்லம்மா. கோபமும் இல்ல, வெக்கமும் இல்ல, சிரிப்பும் இல்ல. ஜவுளிக்கடை பொம்மை மாதிரி வச்சுக்கிட்டிருக்காரு மூஞ்சியை. இப்பல்லாம் பேரனைப் பார்த்தாக்கூடச் சிரிக்கிறது இல்ல. அவ்வளவு வன்மம்.

இன்னொண்ணு கேளு. அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் கொல்லைப்பக்கம் போய்டுறாரு. என்ன பண்றாருன்னு போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லுப் பக்கத்துல அவரோட பழைய வைஸ் இருக்கு, சாமானைக் கவ்விப் பிடிக்குமே அது, மில்லுல இருந்து கொண்டு வந்தது. அதுல ஃபில்டருக்குப் பொருந்துற மாதிரி புரி போட்ட குழாயை மாட்டி வச்சிருக்காரு. பழைய ஃபில்டர்ல தண்ணியை ஊத்துறாரு. மாட்டுறாரு. பையைப் போடுறாரு, கழட்டுறாரு. தண்ணி வேட்டியெல்லாம் கொட்டுது. மறுபடி தண்ணி ஊத்துறாரு, மாட்டுறாரு, கழட்டுறாரு. மறுபடி கொட்டுது. நான் பின்னாடி நிக்கிறது தெரியாது. நானும் பார்த்துக்கிட்டே நின்னேன். "என்னங்க, தண்ணியில விளையாடுறீங்களா"ன்னு கேட்டேன். திடுக்குன்னு திரும்பி, "ம்"ங்கிறாரு. ம்! சுயஉதவிக் குழுவுல போய்ச் சொன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உனக்குச் சிரிப்பு வரல? நீ ஏன் இப்படிப் பார்க்கிற?

ஏ, தூக்கிட்டாங்க! அந்தா வண்டியத் தூக்கிட்டாங்க. அப்பாடி. அடிப்பக்கம் எவ்வளவு கறுப்பா இருக்கு பாரு, எல்லாம் வழிஞ்சது. இனி சீக்கிரம் முடிஞ்சிரும்ல? மணி என்னம்மா? பேங்குல கூட்டம் இருக்கணும் சாமி.

உனக்குத் தோணும், இதுக்காகவா புருஷனுக்குத் தெரியாம வண்டிய எடுத்துட்டு வந்தன்னு. இதுக்காக இல்ல. எட்டயபுரம் ரோட்டுல நடந்ததைச் சொல்லலையே இன்னும்.

எங்க அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. ரெண்டு பேரும் போறோம். அவருதான் ஓட்டுறாரு. முன்னாடி எல்லாம் அவரு பக்கத்துல உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும், அவ்வளவு பதமா ஓட்டுவாரு. இப்ப என்னன்னா கியர் மாத்துறதுக்கே யோசிக்கிற மாதிரி நேரம் எடுத்துக்கிறாரு. பாதி வழியில சிவப்பா ஒரு லைட் எரியுது. மூக்கு வச்ச எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்டிருக்குமே, அது. அவரு பார்த்துட்டாரு. ஓரங்கட்டி நிறுத்தினாரு. இறங்கிப் பார்த்தா, நாங்க வந்த ரோடு முழுக்கக் கறுப்புச் சொட்டு. அடியில இருந்து இன்னும் சொட்டிக்கிட்டே இருக்கு. ஃபில்டர் லூசு. அவரு மாட்டின ஃபில்டர்.

நல்ல வெயில். பட்டு வேட்டி கட்டியிருக்காரு. அப்படியே ரோட்டுல மல்லாந்து உள்ள போனாரு. நானும் குனிஞ்சு நிக்கிறேன், பட்டுச்சேலையோட. வரவே இல்ல. "என்னங்க, என்னங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டே நிக்கிறேன். ஒரு லாரிக்காரரு நிறுத்திட்டு வந்து, "நான் வேணா பார்க்கட்டுமாண்ணே"ன்னு குனிஞ்சு கேட்டாரு. நல்ல மனுஷன். உள்ள இருந்து, "வேணாம்"னு சத்தம் வருது. அதுவும் எப்படி? கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. இப்ப அவரு குரலே அப்படித்தான். குசுகுசுன்னு பேசுறாரு. என்ன என்னன்னு நான்தான் கிட்டப் போய்க் கேக்கணும். என்னைய நடக்க வைக்கிறதுல அவருக்கு ஒரு சந்தோஷம். லாரிக்காரரு என்னைப் பார்த்தாரு, நான் என்ன சொல்ல? போயிட்டாரு. அப்புறம் ஒரு வழியா ஃபில்டரை முடுக்கிட்டு இவரு வெளிய வந்தாரு. வேட்டி, சட்டை, முகம், எல்லாம் ஆயில். டிக்கியில எப்பவும் ஒரு கேன் புது ஆயில் வச்சிருப்பாரு. அதை ஊத்தினோம். வளைகாப்புக்குப் போகல. இந்தக் கோலத்துல எங்க போறது? வீட்டுக்குத் திரும்பிட்டோம். வழியெல்லாம் நான் கேட்டேன், எங்க அண்ணன் என்ன நினைப்பாரு, எங்க மதினி என்ன நினைப்பாங்க, நீங்க டைல்ஸ்ல காட்டுற கோபத்தை எங்க வீட்டு விசேஷத்துலயும் காட்டணுமான்னு. வீடு வந்து சேர்ற வரைக்கும் கேட்டேன். அவரு ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு.

அன்னிக்கு நிறுத்தின வண்டிதான். எடுக்கவே இல்ல. மறுபடி லூசாயிருச்சுன்னா இஞ்சினே போயிரும்னு அவரே சொல்றாரு. மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்னா, "நான் பார்க்கிறேன்"ங்கிறாரு. பார்க்கவும் மாட்டேங்கிறாரு. காலையில போய் வண்டி பக்கத்துல நிப்பாரு. பானெட் மேல கையை வச்சுக்கிட்டு நிப்பாரு. உள்ள வந்துருவாரு. எத்தனை நாள் பார்க்கிறது? அதுதான் இன்னிக்கு அவரு தெரு முக்குத் திரும்பினதும் சாவிய எடுத்தேன். வர்ற வழியெல்லாம் அந்தச் சிவப்பு லைட்டையே பார்த்துக்கிட்டு வந்தேன், ரோட்டைப் பார்க்கல.

கூப்பிடுறாங்க போலயே. நான்தான், நான்தான் அந்த வெள்ளை வண்டி. இரும்மா, பையைப் பார்த்துக்கோ, வந்துர்றேன்.

...

வந்துட்டேன். அந்த சூப்பர்வைசர்தான். ஃபில்டர் கையை வச்ச உடனே கழண்டு வந்துருச்சாம். "யாரு மேடம் மாட்டினது, சின்னப் பிள்ளை மாட்டின மாதிரி இருக்கு"ன்னு சிரிக்கிறான். எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. "மில்லு மில்லா மிஷின் பூட்டின மனுஷன் மாட்டினது, பார்த்துப் பேசுங்க"ன்னேன். அப்புறம் சாரி சாரிங்கிறான். நான் ஆயிரம் சொல்லுவேன் அவரை. அவன் யாரு சொல்றதுக்கு?

என்ன கேட்ட? கையா? ஆயில் மாத்தும்போதுதான் ஆடுச்சுன்னு சொன்னேன்ல.

சும்மா உக்காந்திருக்கும்போதா? ஆமா. சும்மா இருக்கும்போதுதான் ரொம்ப. டிவி பார்க்கும்போது வலது கை மடியில இருக்கும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிளகு உருட்டுற மாதிரி உருட்டிக்கிட்டே இருக்கும். அது ஒரு பழக்கம்மா. சிலபேர் காலாட்டுவாங்க பார்த்திருக்கியா, அது மாதிரி. எனக்கு எரிச்சலா வரும். "அந்த விரலை நிறுத்துங்க, பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு"ன்னு சொன்னேன். அதுல இருந்து கையைத் தொடைக்கு அடியில வச்சு அதுமேலயே உக்காந்துக்கிறாரு. சரி, வீம்புன்னு விட்டுட்டேன்.

சாப்பிடும்போது? ஸ்பூன் கேக்குறாரு இப்ப. ரசம் சாதம் கையில நிக்க மாட்டேங்குதாம். சட்டைப் பட்டன்... ஆமா, நேரம் ஆகுது. ரொம்ப நேரம். நான் கதவைத் தட்டிக்கிட்டே நிப்பேன். நடையா? செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறாரு. புதுச் செருப்பு ஒரு பக்கம் தேஞ்சே போச்சு. நீ ஏம்மா இதெல்லாம் கேக்குற? நீ என்ன வேலை பார்க்குற?

ஆஸ்பத்திரியிலயா? பிசியோதெரபி. கை கால் முடியாதவங்களுக்குப் பயிற்சி குடுக்கிறது. சரி. அதுக்கு?

அவருக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. சுகர் இல்ல, பிரஷர் இல்ல. என்னைக்காச்சும் ஒரு ஊசி போட்டிருப்பாரா? எனக்குத்தான் மூட்டு வலி.

என்ன பேரு சொன்ன? பார்க்கிங்கா?

பார்க்கின்சன். எனக்குப் பார்க்கிங் டைல்ஸ்தான் தெரியும். அது என்ன? பக்கவாதமா? இல்லையா? மூளையிலயா? மூளையில எல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா, அவரு கணக்கு இன்னிக்கும் வாயாலயே போடுவாரு. புத்திக்கு இல்லையா... கையும் காலும் சொன்ன நேரத்துக்குக் கேக்காது. சரி. முகமுமா? முகத்துல அசைவு வராதுங்கிற. சிரிக்கணும்னு உள்ள நினைச்சாக்கூட வெளிய வராதா?

குரலும் இறங்குமா?

எழுத்துகூடவா சின்னதாகும்?

இரு. இரும்மா. கொஞ்சம் இரு. ஒண்ணு ஒண்ணாச் சொல்லாத. நான் கேட்டா மட்டும் சொல்லு.

வேணும்னே பண்ண முடியுமா அதை? இல்ல, நான் கேக்குறது... ஒருத்தர் வேணும்னே அப்படி நடிக்க முடியுமா?

ம்.

தண்ணி கொண்டா. இல்ல, என் பையிலயே இருக்கு. மூடியத் தொறந்து குடு. எனக்கு ஒண்ணும் இல்ல, இந்த ஏ.சி. ஒத்துக்கல. மாத்திரை இருக்கா அதுக்கு? இருக்கா. பயிற்சியும் உண்டா. நீ பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். நரம்பு டாக்டர் பார்க்கணும். திருநெல்வேலியில இருக்காங்களா? அவரு வர மாட்டாரும்மா. அவருக்கு அவரே மெக்கானிக். அவருக்கே தெரிஞ்சிருக்குமா? அதுதான் தினம் கொல்லையில... தண்ணிய ஊத்தி ஊத்தி... தெரிஞ்சுதான் பண்ணியிருப்பாரா? என்கிட்ட ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

என்கிட்ட எப்படிச் சொல்லுவாரு.

ஐயையோ. அந்தா பாரு. ஆட்டோ. ஆட்டோவுல இருந்து இறங்குறாரு பாரு, நீலச் சட்டை. அவரேதான். எப்படித் தெரிஞ்சது அவருக்கு? கவுண்டர்ல போன் நம்பர் கேட்டாங்க, எங்க போனாலும் அவரு நம்பரைத்தான் சொல்லிப் பழக்கம். உங்க வண்டி எங்ககிட்ட வந்திருக்குன்னு அவருக்கே மெசேஜ் போயிருக்கும். என் புத்தியை என்ன சொல்ல.

பாரும்மா, நீ பாரு. நான் ஒண்ணும் சொல்லல. இடது கை வீசுது. வலது கை அப்படியே ஒட்டிக்கிட்டு வருது. நான் பார்க்காம இல்ல. அந்தக் கையில பை வச்சிருக்காரு, அதான் வீசலைன்னு நினைச்சேன். பை அந்தக் கையில இல்லையே. தோள்ல தொங்குது.

கதவுகிட்ட நின்னுட்டாரு. ஏன் நிக்கிறாரு? கதவு தொறந்துதான இருக்கு? என்னங்க... கூப்பிடக் கூடாதா? அவசரப்படுத்தக் கூடாதா? சரி. சரி, நான் கூப்பிடல. உள்ள வரணும்னுதான் பார்க்கிறாரு. கால் வர மாட்டேங்குது. தரையில ஒட்டி வச்ச மாதிரி நிக்கிறாரே. இது வீட்டுலயும் நடக்கும்மா, அடுப்படி வாசல்ல. வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதீங்கன்னு நான் ஒதுக்கி... தள்ளி விட்டுட்டு...

வந்துட்டாரு. வந்துட்டாரு.

வாங்க. இப்படி உக்காருங்க. ஏ.சி. அடிக்காது இங்க. கையெழுத்து ஏத்துக்கிட்டாங்களா? கைரேகை வாங்கிக்கிட்டாங்களா, சரி, முடிஞ்சது. ஆமா, நான்தான் எடுத்துட்டு வந்தேன். திட்டணும்னா திட்டுங்க. என்ன? கேக்கல... இல்ல, இருங்க, நீங்க சத்தமாப் பேச வேணாம், நான் கிட்ட வர்றேன். சொல்லுங்க.

ஃபில்டர் எப்படி இருந்துச்சுன்னா? டைட்டாத்தான் இருந்துச்சாம். சூப்பர்வைசரே சொன்னாரு.

சரி, பொய்தான். லூசாத்தான் இருந்துச்சு. கையை வச்சதும் வந்துருச்சாம். அதுக்கு ஏன் தலையைக் குனியுறீங்க? ஃபில்டர்தான? அவங்க முடுக்கிருவாங்க. அதுக்குத்தான் அவங்க இருக்காங்க.

இந்தாங்க, இந்தப் பொண்ணு... உன் பேரே கேக்கல பாரு இவ்வளவு நேரம் பேசியும். தேன்மொழியா. தேன்மொழி ஆஸ்பத்திரியில வேலை பார்க்குது. உங்ககிட்ட ரெண்டு கேள்வி கேக்கணுமாம். எந்திரிக்காதீங்க. ஒண்ணும் பண்ணிராது, கேள்விதான். நான் எதுவும் சொல்லிக் குடுக்கல. சொன்னேன், கொஞ்சம் சொன்னேன். கையை வெளிய எடுங்க. தொடைக்கு அடியில வேணாம். இங்க, என் மடியில வைங்க. ஆடினா ஆடட்டும். யாரும் பார்க்கல. பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்.

கேளும்மா. என்கிட்ட கேட்ட மாதிரியே ஒண்ணொண்ணாக் கேளு. பதில் அவரு சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும். நான் வாயே தொறக்கல.